ஆல்பிரட் எஷர்: உரிமைக் கொள்கையும் உடைமையின் பொறுப்பும்

சூரிச் என்றவுடன் இறையியல் மாணவரின் நினைவுக்கு வருவது 16-ஆம் நூற்றாண்டும் சுவிங்கிலியின் சீர்திருத்தமுமே. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே நகரம் மற்றொரு பெரும் மாற்றத்தைக் கண்டது. அம்மாற்றத்தை நடத்தியவர் பிரசங்கியார் அல்லர். சட்டம் பயின்ற ஒரு செல்வர். இரயில் பாதை, வங்கி, உயர் தொழில்நுட்பக் கல்வி ஆகிய மூன்றாலும் சுவிட்சர்லாந்தை நவீன நாடாக்கியவர்களுள் முதல்வராக எண்ணப்படும் ஆல்பிரட் எஷர் என்பவரே அவர். 1819 முதல் 1882 வரை வாழ்ந்த அவருடைய வரலாற்றைத் திருச்சபைப் பணியாளர் ஏன் அறிய வேண்டும் என்ற கேள்வி எழக்கூடும். அவருடைய காலத்தில் ஓர் இறையியல் பேராசிரியரின் நியமனம் ஓர் அரசையே கவிழ்த்தது. அவருடைய கட்சி மனித உரிமையை முழங்கியது. அவருடைய குடும்பமோ அடிமைகள் உழைத்த தோட்டத்தை உடைமையாகக் கொண்டிருந்தது. அவருடைய பெருந்திட்டம் மலையைக் குடைந்தது; குடைந்த கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். சுதந்தரம், செல்வம், அதிகாரம் ஆகியவற்றைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து பேசுகிறவர்களுக்கு இவ்வாழ்க்கை சிந்திக்கத் தக்க பொருளாகும்.

குடும்பமும் கல்வியும்

எஷர் குடும்பம் சூரிச்சின் பழம்பெருங் குடும்பங்களுள் ஒன்று. ஆயினும் ஆல்பிரட் பிறந்த கிளைக்கு ஒரு களங்கம் இருந்தது. அவருடைய பாட்டனார் ஊக வாணிபத்தில் ஈடுபட்டுப் பெருங் கடனில் மூழ்கினார்; நகரத்தார் பலரும் அதனால் நட்டமடைந்தனர். தந்தை ஹைன்ரிக் எஷர் வட அமெரிக்காவிற்குச் சென்று, நில வாணிபத்தாலும் குடியேற்ற நாடுகளின் விளைபொருள் வாணிபத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டி, 1814-இல் ஊர் திரும்பினார். லிடியா சோலிக்கோபர் என்பாரை மணந்தார். சூரிச் ஏரிக்கரையில், அக்காலத்தில் நகர எல்லைக்கு அப்பாலிருந்த எங்கே என்னும் இடத்தில், பெல்வாய் என்ற மாளிகையை எழுப்பினார். அங்கே செடிகொடிகளை வளர்ப்பதிலும் பூச்சியினங்களைச் சேகரிப்பதிலும் காலங்கழித்தார்.

1819 பெப்ருவரி 20-ஆம் நாள் பிறந்த ஆல்பிரட் தொடக்கத்தில் வீட்டிலேயே ஆசிரியரிடம் பயின்றார். அவ்வாசிரியருள் ஒருவர் அலெக்சாந்தர் ஷ்வைட்சர். ஷ்லையர்மாகரின் மாணாக்கராகிய இவரே பின்னர் சூரிச் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராகிச் சீர்திருத்தத் திருச்சபையின் கோட்பாட்டு வரலாற்றை ஆராய்ந்து புகழ்பெற்றவர். மற்றொருவர் இயற்கை அறிவியலாளர் ஆஸ்வால்ட் ஹேர். அவரும் இறையியல் கற்றவரே. இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டாண்டுக் கல்வியின் சிறந்த கூறுகளிடையே இச்சிறுவர் வளர்ந்தார். பின்பு சூரிச்சிலும், இடையே பான், பெர்லின் நகர்களிலும் சட்டம் பயின்று, 1842-இல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் சோபிங்கியா என்னும் மாணவர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 1844-இல், தமது 25-ஆம் வயதில், சூரிச் மாநிலப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று தொடங்கிய அரசியல் வாழ்வு சாகுமட்டும் ஓயவில்லை.

1839: ஒரு பேராசிரியர் நியமனமும் ஓர் ஆட்சியின் வீழ்ச்சியும்

எஷரின் அரசியலைப் புரிந்துகொள்ள அவருடைய இருபதாம் வயதில் நிகழ்ந்த ஒரு கலகத்தை அறிதல் வேண்டும். 1830-ஐ ஒட்டிச் சூரிச்சில் தாராளவாதிகள் ஆட்சிக்கு வந்தனர். இங்குத் தாராளவாதம் என்பது அரசியல் கொள்கையைக் குறிக்கும்: எழுதப்பட்ட அரசியலமைப்பு, பேச்சுரிமை, தொழில் உரிமை, அரசின் பொறுப்பில் பொதுக் கல்வி ஆகியவை அதன் கூறுகள். தாராள இறையியல் என்று நாம் வழங்குவது வேறு. எனினும் சூரிச்சில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, அல்லது கைகோத்துக்கொண்டன என்றும் கூறலாம்.

1833-இல் நிறுவப்பெற்ற சூரிச் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டியல் பீடத்திற்கு 1839-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு தாவீது பிரெடரிக் ஸ்ட்ராஸ் என்பவரை அழைத்தது. 1835-இல் அவர் வெளியிட்ட இயேசுவின் வாழ்க்கை பற்றிய நூல் நற்செய்திகளிலுள்ள அற்புதங்களைத் தொன்மப் புனைவுகள் என விளக்கி ஜெர்மானிய நாடுகளெங்கும் கொந்தளிப்பை எழுப்பியிருந்தது. சூரிச் நாட்டுப்புறச் சபைகளில் அச்சம் பரவியது. புதிய பள்ளிகள் பழைய ஞானோபதேசப் பாடங்களைக் குறைத்துவிட்டன என்ற மனத்தாங்கல் ஏற்கெனவே மக்களிடையே இருந்தது. விசுவாசக் குழு என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. சபைதோறும் வாக்கெடுத்தபோது, குழுவின் விண்ணப்பத்திற்கு ஆதரவாக 39,225 பேரும் எதிராக 1,048 பேரும் நின்றனர். அரசு பணிந்து, ஒருநாள் வகுப்பேனும் எடுக்காத ஸ்ட்ராஸுக்கு ஓய்வூதியம் அளித்து விலக்கியது.

அத்தோடு அமைதி திரும்பவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் பெபிக்கோன் சபையின் போதகர் பெர்ன்ஹார்ட் ஹிர்ட்செல் ஆயிரக்கணக்கான நாட்டுப்புற மக்களை நடத்திக்கொண்டு நகருக்குள் நுழைந்தார். இப்போதகர் வடமொழி வல்லுநர். காளிதாசரின் சாகுந்தலத்தை 1833-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். இலக்கியச் சுவை மிக்க அக்கரங்கள் அன்று ஒரு கலகத்தை நடத்தின. துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ 15 பேர் மாண்டனர். சுடுதலை நிறுத்தும் ஆணையைக் கொண்டுசென்ற அரசு உறுப்பினர் ஹெகட்ஷ்வைலரும் குண்டுபட்டு உயிர்நீத்தார். தாராளவாத அரசு வீழ்ந்தது. 1845 வரை பழைமைக் கட்சியினர் ஆண்டனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து ஒவ்வொரு சாராரும் தமக்கேற்ற பாடத்தைக் கற்றனர். மக்களின் விசுவாசத்தைக் கேளாமல் அறிஞரவை எடுக்கும் முடிவு நிலைக்காது என்றனர் ஒரு சாரார். சமயப் பற்றை எளிதில் அரசியல் ஆயுதமாக்கிவிடலாம் என்பதைக் கண்டனர் மறு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எஷரின் தலைமுறைத் தாராளவாதிகள் இரண்டாவது பாடத்தை நன்கு கற்றனர். முதலாவதைப் போதிய அளவு கற்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

புதிய கூட்டாட்சியில்

1844-இல் லூசேர்ன் மாநிலம் தன் குருமாணவர் கல்வியை இயேசு சபையாரிடம் ஒப்படைக்கத் தீர்மானித்ததும் சமயப் பகை நாடெங்கும் மூண்டது. எஷர் இயேசு சபையாரை எதிர்த்த அணியின் முன்னணியில் நின்றார். கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு தனிக் கூட்டணி அமைத்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. படைத்தலைவர் டுபோர் போரைச் சில வாரங்களிலேயே முடித்ததனால் உயிர்ச்சேதம் நூறு பேரளவில் நின்றது. 1848 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. தளர்ந்த கூட்டணியாயிருந்த மாநிலங்கள் ஒரே கூட்டாட்சியாயின.

உரிமையின் சாசனம் எனப் போற்றப்பட்ட அவ்வரசியலமைப்பு எல்லாருக்கும் உரிமை அளித்ததா? விரும்பிய இடத்தில் குடியேறும் உரிமை கிறிஸ்தவருக்கு மட்டுமே வழங்கப்பட்டது; யூதர் அதனைப் பெற 1866 வரை காத்திருந்தனர். இயேசு சபையாருக்கு விதிக்கப்பட்ட தடை 1973-இல் மக்கள் வாக்கெடுப்பினால்தான் நீக்கப்பட்டது. சுதந்தரத்தைப் பேசுகிறவர் அதற்கு வேலி எங்கே இடுகிறார் என்பதைக் கவனித்தல் எக்காலத்திலும் நன்று.

எஷர் 1848-இல் தேசிய அவையில் அமர்ந்தார். இறக்கும்வரை, 34 ஆண்டுகள், அவ்விருக்கையை அவர் இழக்கவில்லை. அவையின் தலைவராக 1849, 1856, 1862 ஆகிய ஆண்டுகளில் பொறுப்பேற்றார். அதே வேளையில் 1855 வரை சூரிச் மாநில அரசின் உறுப்பினராகவும், சில ஆண்டுகள் அதன் தலைவராகவும் விளங்கினார். அரசுத் துறைகளை ஒழுங்குபடுத்தினார், பள்ளிகளைச் சீர்திருத்தினார். அளவற்ற உழைப்பாளி, பல முறை நோயுற்றுப் படுத்தும் பணியைக் கைவிடாதவர் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டனர்.

இரயில், கல்விச்சாலை, வங்கி

1849-இல் அவைத் தலைவராக ஆற்றிய உரையில் எஷர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அண்டை நாடுகளின் இருப்புப் பாதைகள் நாற்புறமும் நெருங்கிவருகின்றன. சுவிட்சர்லாந்து விழித்தெழாவிடில் அவை அதனைச் சுற்றிச் சென்றுவிடும். நாடு ஐரோப்பாவின் நடுவே தனித்துவிடப்பட்ட துறவியைப்போல் ஆகிவிடும் என்பதே அதன் கருத்து. அன்று நாட்டின் உட்பகுதியில் இருந்தது சூரிச்சிலிருந்து பாடன் வரை 1847-இல் திறக்கப்பட்ட ஒரு சிறு பாதையே.

பாதைகளை அமைப்பது யார் என்ற வினா எழுந்தது. அரசே அமைக்க வேண்டும் என்றனர் பெர்ன் மாநிலத்தின் யாகோப் ஷ்டெம்ப்லி முதலானோர். தனியார் நிறுவனங்களிடம் விட வேண்டும். உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பாக வேண்டும் என்றார் எஷர். 1852-ஆம் ஆண்டின் இரயில் சட்டத்தில் அவர் கொள்கையே வென்றது. அடுத்த ஆண்டே வடகிழக்கு இரயில் நிறுவனம் தோன்றியது. அதன் தலைமையை ஏற்றவர் எஷரே. சட்டம் இயற்றியவரே அச்சட்டத்தால் பிறந்த நிறுவனத்தை நடத்தினார். அக்காலத்தில் இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. அதனால் அதில் ஊறு இல்லையென்று ஆகிவிடாது.

பாதை போடப் பொறியாளர் வேண்டும்; பொறியாளரை உருவாக்கக் கல்விச்சாலை வேண்டும். கூட்டாட்சிக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று எஷர் முயன்றார். கத்தோலிக்க மாநிலங்களும் பிரெஞ்சு மொழி பேசும் மாநிலங்களும் எதிர்த்தமையால் அம்முயற்சி 1854-இல் தோற்றது. எனினும் கூட்டாட்சியின் தொழில்நுட்ப உயர்கல்விச்சாலை நிறைவேறி, 1855-இல் சூரிச்சில் திறக்கப்பட்டது. அதன் ஆட்சிக் குழுவின் துணைத்தலைவராக எஷர் தம் இறுதிவரை பணியாற்றினார். பிற்காலத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பயின்றது இங்குதான்.

பாதைக்கு முதலும் வேண்டும். அந்நிய வங்கிகளை அண்டி நின்றால் அவற்றின் விருப்பத்திற்கு நாடு கட்டுப்படும் என எஷர் கருதினார். லைப்சிக் நகரத்து வங்கியொன்று சூரிச்சில் கிளை நிறுவ முற்பட்டபோது, உள்ளூர் வணிகரை ஒன்றுகூட்டி 1856-இல் சுவிஸ் கடன் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முப்பது இலட்சம் பிராங்கு மதிப்புள்ள பங்குகள் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டன. மூன்றே நாளில் 21 கோடியே 80 இலட்சம் பிராங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. இவ்வங்கியே பின்னர்க் கிரெடிட் சூயிஸ் என உலகறிந்தது. 1857-இல் தோன்றிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிற்கும் இவ்வங்கியே பிணை நின்றது. எஷர் வளர்த்த இந்த வங்கி 2023 மார்ச்சில் நம்பிக்கை இழந்து தத்தளித்தபோது, அரசின் தலையீட்டினால் யூ.பி.எஸ். வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது, 167 ஆண்டுகள் கடந்து அதன் தனி வாழ்வு முடிவுற்றது. வங்கியின் அடித்தளம் பொன்னன்று, நம்பிக்கையே என்பதை முதல் மூன்று நாள்களும் இறுதி நாள்களும் ஒருங்கே காட்டுகின்றன.

மக்களின் எதிர்ப்பு

பதவிகள் ஒருவரிடமே குவிந்தன. அவைத் தலைமை, வங்கித் தலைமை, இரயில் தலைமை, கல்விக் குழு ஆகிய எத்திசையில் நோக்கினும் எஷரே நின்றார். 1855-இல் மாநில அரசிலிருந்து விலகிய பின்னரும், பெல்வாய் மாளிகையில் முடிவானதே மாநில அரசில் நிறைவேறும் என்று மக்கள் பேசிக்கொண்டனர். எதிர்ப்போர் அவரை மன்னர் ஆல்பிரட் என்று ஏளனம் செய்தனர். அவர் ஊழல் செய்து பொருள் சேர்த்தார் என்பதன்று முதன்மையான குற்றச்சாட்டு. மக்களுக்காக எல்லாம் செய்தார், மக்களைக் கேட்டு எதுவும் செய்யவில்லை என்பதே அது.

1867-இல் பிரெடரிக் லோகர் என்ற வழக்கறிஞர் வெளியிட்ட துண்டுநூல்கள் நீதித்துறையையும் எஷரின் அணியையும் கடுமையாகச் சாடின. அவற்றில் மிகைப்படுத்தலும் வசைமொழியும் மிகுதி. ஆயினும் காலம் அவற்றுக்கு ஏற்றதாயிருந்தது. அவ்வாண்டு காலரா ஏழையரின் குடியிருப்புகளைத் தாக்கியிருந்தது. சிறு உழவர்க்கும் கைவினைஞர்க்கும் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கவில்லை. பெரிய வங்கியின் கண்கள் இரயில் பாதையையும் தொழிற்சாலையையுமே நோக்கின. வின்டர்தூர் நகரத்தின் செய்தித்தாளாகிய லாண்ட்போட்டே மக்களாட்சி இயக்கத்தின் குரலாயிற்று. அதனை நடத்திய சாலமோன் புளூலர் முன்பு போதகராயிருந்தவர். உலகாயதத்தின் வரலாற்றை எழுதிய பிரெடரிக் ஆல்பர்ட் லாங்கே அவரோடு சேர்ந்து உழைத்தார். இவரும் ஓர் இறையியலாரின் மகனே. 1839-இல் ஒரு போதகர் மக்களைப் பழைமையின் பெயரால் திரட்டினார். 1867-இல் மற்றொருவர் உரிமையின் பெயரால் திரட்டினார். இரு முறையும் எதிரில் நின்றது, மக்களைவிட மக்களின் நன்மையைத் தாம் நன்கறிவோம் என்று நம்பிய தாராளவாத ஆட்சியே.

1869-இல் மக்கள் வாக்கினால் ஏற்கப்பட்ட புதிய மாநில அரசியலமைப்பு, சட்டங்களின்மீது மக்கள் நேரே வாக்களிக்கும் உரிமையையும் சட்டத்தை முன்மொழியும் உரிமையையும் வழங்கியது. அரசின் உறுப்பினரை மக்களே தெரிந்துகொண்டனர். போதகரும் ஆறாண்டுக்கு ஒருமுறை சபையின் வாக்கினால் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்ற விதியும் ஏற்பட்டது. சிறு கடனாளருக்கென மாநில வங்கி 1870-இல் திறக்கப்பட்டது. எஷரின் ஆதிக்கம் சூரிச்சில் முடிவுற்றது.

வென்றவர்களும் குறையற்றவரல்லர் என்பதைச் சொல்லுதல் நேர்மையாகும். மக்களாட்சி அணியினர் எஷரின் நிறுவனத்திற்குப் போட்டியாக மக்கள் இரயில் என்ற பெயரில் தேசிய இரயில் நிறுவனத்தைத் தொடங்கினர். அது 1878-இல் நொடித்தது. பிணை நின்ற வின்டர்தூர் முதலிய நகரங்கள் பல பத்தாண்டுகள் அக்கடனைச் சுமந்தன. மக்களின் பெயர் கணக்குப் பிழையைத் திருத்திவிடாது.

கோத்தார்டு மலை

எஷரின் பெயரை நிலைநாட்டியதும், அவரை வீழ்த்தியதும் ஒரே செயல். ஜெர்மனியையும் இத்தாலியையும் ஆல்ப்சு மலையூடே இணைக்கும் கோத்தார்டுப் பாதையே அது. 1869-இல் இத்தாலியுடனும் 1871-இல் ஜெர்மனியுடனும் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. மொத்தச் செலவு 18 கோடியே 70 இலட்சம் பிராங்கு எனக் கணிக்கப்பட்டது. இதில் இத்தாலி நாலரைக் கோடியும், ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் தலைக்கு இரண்டு கோடியும் உதவித் தொகையாக ஈந்தன. எஞ்சியது பங்கும் கடனும். 1871-இல் அமைந்த கோத்தார்டு இரயில் நிறுவனத்தின் தலைவர் எஷரே.

கோஷெனன் முதல் அயிரோலோ வரை 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தை எட்டாண்டில் முடிப்பதாக ஜெனீவாவைச் சேர்ந்த லூயி பாவர் 1872-இல் ஒப்பந்தம் செய்தார். அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிகளும் டைனமைட்டு வெடியும் கையாளப்பட்டன. உழைத்தவர் பெரும்பாலும் இத்தாலியின் வறிய கிராமத்தார். உள்ளே வெப்பம் முப்பது பாகைக்கும் மேல் ஏறியது. புகையும் சேறும் நீர்ப்பெருக்கும் சூழ்ந்தன. கழிப்பிட வசதியும் இல்லை. ஈரமண்ணில் பரவிய கொக்கிப்புழு உழைப்பாளரின் குருதியைக் குடித்தது. இச்சோகைக்குக் காரணம் புழுவே என்பதை இத்தாலிய மருத்துவர் 1880-ஐ ஒட்டித்தான் தெளிவுபடுத்தினர். 1875 ஜூலையில் கோஷெனனில் வேலைநிறுத்தம் மூண்டது. அவசரமாகத் திரட்டப்பட்ட காவற்படை சுட்டதில் தொழிலாளர் நால்வர் இறந்தனர். கட்டுமானக் காலம் முழுவதிலும் விபத்தில் மாண்டவர் ஏறத்தாழ இருநூற்றுவர். நோயால் ஊர் திரும்பி இறந்தவர் இக்கணக்கில் அடங்கார். ஒப்பந்தக்காரர் பாவரும் 1879 ஜூலையில் சுரங்கத்தினுள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார்.

1876-இல் தலைமைப் பொறியாளர் ஹெல்வாக் ஓர் அறிக்கை தந்தார்: கணித்ததற்கு மேல் இன்னும் 10 கோடியே 20 இலட்சம் பிராங்கு தேவைப்படும் என்று. பங்குகள் சரிந்தன. வடகிழக்கு இரயில் நிறுவனமும் அதே காலத்தில் நெருக்கடியில் சிக்கியது. அரசுகள் மேலும் பொருளுதவி செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு விலையாக ஒருவரைப் பலியிட வேண்டியும் வந்தது. 1878-இல் எஷர் கோத்தார்டு நிறுவனத் தலைமையினின்று விலகினார். 1880 பெப்ருவரி இறுதியில் இரு பக்கத்துத் தொழிலாளரும் மலையின் நடுவே சந்தித்தனர். அவ்விழாவிற்கு அவர் அழைக்கப்படவில்லை. 1882-இல் பாதை திறக்கப்பட்டபோது அழைப்பு வந்தது. நோயுற்றிருந்த எஷர் செல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் பெல்வாய் மாளிகையில் உயிர்துறந்தார்.

அவருடைய இல்லறமும் துயர் நிறைந்ததே. 1857-இல் மணந்த அகுஸ்தா 1864-இல் இறந்தார். இளைய மகள் அதற்கு முன்னரே குழந்தைப் பருவத்தில் மறைந்தாள். தந்தையின் செயலாளர்போல உடனிருந்து வளர்ந்த மூத்த மகள் லிடியா, செல்வத்திற்கெல்லாம் உரியவராகியும் அமைதி காணவில்லை. 1890-இல் தம் உடைமையின் பெரும்பகுதியை நாட்டின் கலைச் செல்வங்களைக் காப்பதற்கென்று அளித்து, எழுத்தாளர் கோட்பிரீட் கெல்லரின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். மறு ஆண்டு தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

கியூபாத் தோட்டம்

எஷரின் வரலாற்றில் நெடுங்காலம் மெல்லிய குரலில் மட்டும் பேசப்பட்ட பகுதி ஒன்றுண்டு. தந்தையின் உடன்பிறந்தாரான பிரெடரிக் லூட்விக் எஷர் கியூபாத் தீவில் பூயன் ரெத்தீரோ என்ற காப்பித் தோட்டத்தை உடைமையாகக் கொண்டிருந்தார். எண்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் அதில் உழைத்தனர். 1845-இல் அவர் இறக்கவே, தோட்டம் ஆல்பிரட்டின் தந்தைக்கு வந்தது. முதியவராகிய தந்தைக்காக அதன் விற்பனையைக் கவனித்தவர் சட்டம் கற்ற மகனே. தோட்டம் விற்கப்பட்டபோது மனிதரும் நிலத்தோடு விற்பனைப் பொருளாயினர். அக்காலத்திலேயே அரசியல் எதிரிகள் இதனை எடுத்துக்காட்டி எஷர் குடும்பத்தைத் தாக்கினர். ஆகவே இக்குற்றச்சாட்டு நம் காலத்தவர் பழங்காலத்தின்மேல் ஏற்றிக் கூறுவதன்று.

சூரிச் நகராட்சியின் வேண்டுகோளின்படி பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட அறிக்கை, நகரத்தின் செல்வத்திற்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்பை விரிவாக எடுத்துரைத்தது. எஷர் குடும்பமும் அதில் இடம்பெற்றது. குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதி வட அமெரிக்க வாணிபத்தில் வந்தது, கியூபாத் தோட்டத்தின் பங்கு சிறிதே என்று வாதிடும் ஆய்வாளரும் உண்டு. இவ்வாதம் கணக்கைப் பற்றியது. இறையியல் நோக்கில் எழும் கேள்வி வேறு. ஆங்கிலேய நாட்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1833-இலேயே நிறைவேறிற்று. விசுவாசிகள் பலர் அதற்காகப் பாடுபட்டிருந்தனர். ஆகவே இது பாவமென்று அறிவதற்கு அக்காலத்தவர்க்கு வழியில்லை என்று சொல்வதற்கில்லை. உரிமையைக் கொள்கையாகக் கொண்ட ஒருவர், தம் குடும்பச் சொத்துப் பட்டியலில் மனிதரின் பெயர்கள் இருப்பதைக் கண்டபோது அவர்களை விடுவிக்கவில்லை, விற்பனையை நடத்தினார். அவ்வாறு செய்யச் சட்டம் இடங்கொடுத்தது. கியூபாவில் அடிமை முறை 1886-இல்தான் முற்றிலும் ஒழிந்தது.

மதிப்பீடு

எஷரை எவ்வாறு மதிப்பிடுவது? வெறும் பேராசைக்காரர் என்று அவரை ஒதுக்குவது உண்மைக்கு மாறானது. அவர் தோற்றுவித்த கல்விச்சாலை இன்றும் கற்பிக்கிறது. கோத்தார்டு இல்லாமல் இன்றைய சுவிட்சர்லாந்தை எண்ணிப்பார்க்க இயலாது. 57 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய அடிவாரச் சுரங்கம் 2016-இல் அதே மலையின் கீழ் திறக்கப்பட்டதே இதற்குச் சான்று. தனியாரிடம் இரயிலை விட வேண்டும் என்ற அவர் கொள்கையை 1898-இன் மக்கள் வாக்கெடுப்பு மாற்றி, பாதைகளை நாட்டின் உடைமையாக்கியது. ஆயினும் அவர் தொடங்காதிருந்தால் உடைமையாக்குவதற்குப் பாதைகளே அவ்வளவு விரைவில் உண்டாயிரா.

அதேவேளையில் மூன்று எண்ணங்கள் நம் சிந்தைக்குரியன. முதலாவது, நன்மை செய்யும் அதிகாரமும் கணக்கொப்புவிக்க வேண்டியதே. எஷர் தவறான எண்ணத்தோடு செயற்பட்டார் என எவரும் நிறுவவில்லை. ஆனால் கேட்பாரற்ற நல்லெண்ணம் மக்களைச் சிறுபிள்ளைகளாக்கிவிடுகிறது. பல குழுக்களின் தலைமை ஒரே கையில் சேர்வதைச் சபையிலும் நிறுவனங்களிலும் காணும்போது, அக்கை திறமை மிக்கது என்ற சமாதானம் போதாது.

இரண்டாவது, கல்வியறிவும் பொதுமக்களின் பற்றும் பகைகொண்டால் இரண்டும் கெடும். 1839-இல் ஸ்ட்ராஸின் கருத்தை விளக்கவோ மறுக்கவோ பொறுமையுடன் சபைகளுக்குச் சென்று பேசியிருக்க இடமுண்டு. ஆணையால் நியமித்தனர் ஒருவர். ஊர்வலத்தால் வீழ்த்தினர் மற்றவர். இடையே கற்பிக்கும் பணி மறக்கப்பட்டது. அப்பணிக்கென்றே இறையியல் கல்லூரிகள் உள்ளன.

மூன்றாவது, பெருஞ்செயலின் விலையை யார் செலுத்தினர் என்று கேட்பது. எஷர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குள், 1889-இல், சிற்பி ரிக்கார்ட் கிஸ்லிங் வடித்த அவருடைய வெண்கலச் சிலை சூரிச்சின் தலைமை இரயில் நிலையத்தின் முன் நிறுத்தப்பட்டது. சுரங்கத்தில் மாண்டவர்க்கென்று சிற்பி வின்சென்சோ வேலா, எவரும் பணிக்காமல் தாமே முனைந்து, இறந்த தோழரைச் சுமந்துவரும் தொழிலாளரின் உருவத்தைப் புடைப்புச் சிற்பமாக வடித்தார். 1883-இல் சூரிச்சில் நடைபெற்ற நாட்டுக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதன் வெண்கல வார்ப்பு அயிரோலோவின் சுரங்க வாயிலருகே நிறுவப்பட்டது 1932-இல், பாதை திறந்து ஐம்பதாண்டு நிறைந்தபோது. தலைவருக்கு ஏழு ஆண்டு, கூலியாளுக்கு ஐம்பது ஆண்டு. கியூபாத் தோட்டத்தில் உழைத்தவர்க்கோ நினைவுச்சின்னம் இன்னும் எழவில்லை; அவர்களைப் பற்றிய ஆய்வறிக்கை மட்டும் எழுதப்பட்டது.

வரலாற்றை எழுதுவோர் காலங்கடந்தேனும் இவ்வரிசையைத் திருத்த முற்பட்டுள்ளனர். ஞாயிறுதோறும் நாட்டிற்காகவும் அதன் தலைவர்களுக்காகவும் மன்றாடுகிற திருச்சபை, ஒவ்வொரு பெருந்திட்டமும் எழும்பும்போதே அதனைச் சுமக்கிறவர்களின் பெயர்களையும் மன்றாட்டில் சேர்த்துக்கொள்ளுமாயின், அத்திருத்தத்திற்கு ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.